மடக்கு இருக்கையில் வந்த விருந்தாளி

இன்று காலை யாங்கோன் ஆற்றங்கரையில், க்யிம்யிண்டைங் கிட்டங்கியில், மேல் பர்மாவிலிருந்து வந்த கருப்பட்டி மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். மழை ஈரத்தில் அந்த வாசனை எழும்பிக் கடை முழுக்கப் பரவியது. கொஞ்சம் புகை, கொஞ்சம் பனஞ்சாறு, கொஞ்சம் சாக்கு. தரம் பார்க்க ஒரு கட்டியை எடுத்து, ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு என் கை தானாகவே நல்ல கட்டிகளாகப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றத் தொடங்கிவிட்டது. பொட்டலத்தை நூலால் கட்டி முடித்தபோதுதான் புரிந்தது, அது உனக்கென்று.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. கை இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

உன் விமானத்தை நீயே ஓட்டிக்கொண்டு போகிற நாட்களில் கருப்பட்டி வாங்க வரமாட்டாய். இன்னொரு கம்பெனியின் விமானத்தில் ஏறிப் போகிற நாட்களில் மட்டும்தான் என் கடைக்கு வருவாய். வெள்ளைச் சட்டை தேய்த்திருக்கும், டை கட்டியிருக்கும், தொப்பி மட்டும் இருக்காது. விமானிகளான உங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். எங்கேயோ ஓர் ஊரில் நிற்கும் உன் விமானத்தை எடுக்கப் போகவேண்டும், அங்கே போக உன் கம்பெனிக்கு அன்றைக்கு விமானம் இல்லை என்றால், அடுத்த கம்பெனிக்காரன் தன் விமானத்தில், ஓட்டுகிற இருவருக்கும் பின்னால் உள்ள மடக்கு இருக்கையில் உன்னை உட்காரவைத்து அழைத்துப் போவான். ஜம்ப் சீட் என்று நீ முதலில் சொன்னபோது நான் சிரித்தேன்.

"ஜம்ப் சீட்டா? ஆபத்துன்னா மொதல்ல குதிக்கிறதுக்கா?"

"நீ வந்தா அதுக்குத்தான் ஆகும், மூட்டை."

தின்கன்ஜூன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்கு மூட்டை என்று பெயர் வைத்தவன் நீ. பிறகு நான் நிஜமாகவே இந்தப் படித்துறையில் மூட்டை தூக்கி, மூட்டை வாங்கி, மூட்டை விற்று ஆளானேன். நீ மேலே பறந்தாய். இருந்தாலும் அந்தப் பெயரை நீ விடவில்லை, வேறு யாரையும் கூப்பிடவும் விடவில்லை.

நான் வியாபாரி. ஓசியில் எதையும் வாங்குகிறவனை நம்பமாட்டேன். அதனால் உன்னையும் கேட்டேன், இது ஓசிச் சவாரிதானே என்று. நீ கோபித்துக்கொள்ளவில்லை. "ஓசி இல்லடா. ரெண்டு கண்ணைக் கூடுதலாக் கொடுத்துட்டுப் போறேன். உள்ள உக்காந்தா நான் தூங்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. வெளிய ஏதாவது வருதான்னு பாத்துக்கிட்டே வரணும். ஆனா எதையும் தொடக் கூடாது. ஏறும்போதும் எறங்கும்போதும் வாயைத் திறக்கக் கூடாது, ஏதாவது தப்பாப் பட்டாலொழிய." அப்படியானால் கருப்பட்டி எதற்கு என்றேன். "விருந்தாளியாப் போறவன் வெறுங்கையோட போவானா?"

விமானம் என்றால் எனக்குப் பயம் என்பது உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்கும் தெரியும். வேறு யாருக்கும் நான் காட்டிக்கொள்வதில்லை. பயந்தவன் என்று தெரிந்தால் இந்தச் சந்தையில் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அன்றைக்குத் தவாய் போகவேண்டியிருந்தது. அங்கே நல்ல கொட்டைப்பாக்கு விலைக்கு இருக்கிறது, உடனே வந்து பார்த்தால் உனக்கே என்று தரகர் போன் செய்திருந்தார். பஸ்ஸில் போனால் தெற்கே அந்த நீளமான ரோட்டில் ஒரு பகலும் இரவும் போய்விடும். நீயும் அதே நாளில் தவாய்க்குத்தான். அங்கே உன் கம்பெனி விமானி ஒருவர் காய்ச்சலில் விழுந்து, விமானம் ஓட்ட ஆளில்லாமல் நின்றது. பயணிகள் அங்கே காத்துக் கிடந்தார்கள். "என் கூடவே வா, ஒண்ணும் ஆகாது" என்றாய். நான் டிக்கெட் வாங்கினேன். நீ கருப்பட்டி வாங்கினாய்.

இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். என் இடம் முன்வரிசையில். பின்பக்கப் படியில் எல்லோரும் ஏறி, காசு கொடுத்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து முடித்த பிறகுதான் நீ ஏறினாய். நடுவழியில் நடந்து என்னைத் தாண்டி, முன்னால் உள்ள கதவருகே போய் நின்றாய். கதவு திறந்துதான் இருந்தது. நீ உள்ளே காலை வைக்கவில்லை.

கேப்டன் எழுந்து வந்தார். நாயிங் என்று பெயர். பர்மாக்காரர், உன்னைவிட ரொம்ப இளையவர். ஒரு காலத்தில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றவர், உன்னை ஆக்கோ, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுகிறவர் என்று ஏறுவதற்கு முன்பே சொல்லியிருந்தாய். அவரிடம் நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய், இன்றைக்கு உங்களோடு வரலாமா என்று.

"ஆக்கோ, நீங்க போய் எங்கிட்டக் கேக்கறதா? ஆபீஸ்தான் பேப்பர் கொடுத்துட்டாங்களே. வாங்க, வாங்க."

"பேப்பர் ஆபீஸ் கொடுத்தது. விமானம் உங்களோடது. நீங்க சொல்லணும்."

"சரி, வாங்க, அண்ணே" என்றார் அவர், கூச்சத்தோடு. அதன் பிறகுதான் நீ பொட்டலத்தை நீட்டினாய். கதவு சாத்திக்கொண்டது.

எனக்கு அப்போது உன் மேல் எரிச்சல்தான் வந்தது. தலை நரைத்த ஆள், தன்னிடம் தொழில் பழகியவனிடம் ஏன் இப்படிக் கெஞ்சவேண்டும்? நானாக இருந்தால் நேரே போய் உட்கார்ந்திருப்பேன்.

தவாய்க்கு மேலே போனதும் மழை பிடித்துக்கொண்டது. உனக்கு எழுதுகிறேன், அதனால் மறைக்கவில்லை: அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே அழுக்குத் துணியைப் போல மேகம். விமானம் திடீரென்று கீழே விழும், உடனே தூக்கிப் போடும். பக்கத்தில் ஒரு வயதான பிக்கு ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் கூடக் கூட உருட்டுகிற வேகமும் கூடியது, அதைப் பார்த்து என் பயம் இரண்டு மடங்கானது. சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டது. மழைக்குள் பாக்கு மரங்களின் தலை தெரிந்தது, கைக்கு எட்டுகிற மாதிரி. சரி, வந்துவிட்டோம் என்று மூச்சை விட்டேன். உடனே இஞ்சின் அலறியது, மூக்கு மேலே தூக்கியது, மரங்கள் மறைந்தன. பின்னால் ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள்.

சுற்றி வந்து மறுபடியும் அதே. அதே சக்கரச் சத்தம், இம்முறை மரம்கூடத் தெரியவில்லை, அதே அலறல். முருகனைக் கூப்பிட்டேன், பக்கத்தில் இருந்த பிக்குவின் முழங்கையையும் பிடித்துக்கொண்டேன். அவர் தட்டிவிடவில்லை.

அந்த நேரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான், அந்தச் சாத்திய கதவை. உள்ளே நீ இருக்கிறாய். எல்லாம் தெரிந்தவன் நீ. நாயிங்கால் முடியாவிட்டால் நீ வாங்கி ஓட்டிவிடுவாய். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் கத்தாமல் இருந்தேன்.

மூன்றாம் முறையும் சுற்றத் தொடங்கிய மாதிரி இருந்தது. பிறகு நேராகி, மேலே மேலே ஏறி, மேகத்துக்கு மேல் வெயிலுக்குள் வந்தது. தவாயில் இறங்க முடியவில்லை, யாங்கோனுக்கே திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள். பயணிகளில் சிலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை.

விமான நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். உன் போன் ஓயாமல் அடித்தது. உன் கம்பெனிக்காரர்கள், அங்கே விமானம் நிற்கிறதே, நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று. "நாளைக்குப் போறேன்" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்துவைத்தாய்.

"உள்ள நீ இருக்கேன்னுதான்டா உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"நான் என்ன பண்ணினேன்? ரெண்டு கையையும் முட்டி மேல வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

"எதையும் தொடலையா?"

"தொட்டா கையை ஒடிப்பான். ஒடிக்கணும். அது அவன் வீடு."

"அப்ப நான் எதை நம்பிடா உக்காந்திருந்தேன்!"

நீ சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுபோய், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "உன்னைவிட நான்தான் பயந்தேன், மூட்டை. உனக்கு ஆடுறது மட்டும்தான் தெரியும். எனக்கு ஒவ்வொரு மீட்டர் முள்ளும் எங்க நிக்குது, எங்க நிக்கணும்னு தெரியும். ஓட்டுறவனுக்குப் பயப்பட நேரம் கிடையாது. பின்னாடி கையைக் கட்டி உக்காந்திருக்கான் பாரு, அவனுக்குத்தான் முழுப் பயமும்."

அதைக் கேட்டபிறகு எனக்கு மறுபடியும் முதலிலிருந்து பயம் வந்தது. தரையில், நாற்காலியில், டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு! அடுத்த நாள் நீ இன்னொரு கருப்பட்டிப் பொட்டலத்தோடு வேறு எவனுடைய விமானத்திலோ தவாய் போய்ச் சேர்ந்தாய். நான் பஸ்ஸில் போனேன். பாக்கை வேறொருவன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். பரவாயில்லை என்று அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன், அதுவும் தரகர் காதில் விழாமல்.

உன் உயிர் விமானத்தில் போகவில்லை. போவதென்றால் அப்படித்தான் போவாய் என்று நான் வருடக்கணக்காகப் பயந்தது வீண். நுரையீரலில் ஏதோ என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மழை விட்டிருந்த ஒரு காலையில் போய்விட்டாய். காரியம் முடிந்த மறுநாள் தின்கன்ஜூனில் உன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். கதவு அகலத் திறந்துதான் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்று, "உள்ளே வரலாமா?" என்று உன் மனைவியிடம் கேட்டார். கையில் ஒரு கருப்பட்டிப் பொட்டலம். நாயிங்.

உன் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு முன்வரிசையில் இருந்தது நான்தான் என்று சொன்னேன். அவர் அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னார். பர்மா மொழியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ரெண்டு தடவை எறங்க முடியல. மூணாவதுக்குத் திருப்பிட்டேன். ஏன் திருப்பினேன் தெரியுமா? ஆக்கோ பின்னாடி உக்காந்திருக்கார். அவருக்காக அங்க ஒரு விமானமே நிக்குது. அவரைக் கொண்டுபோய்ச் சேக்க முடியலன்னா எனக்கு என்ன மரியாதை? எங்க ரெண்டு பேருக்கும் அது தெரியும், யாரும் வாயைத் திறக்கல. அப்ப நான் திரும்பி அவர் முகத்தைப் பாத்தேன். வானத்தைப் பாக்கவேண்டிய நேரம் அது, முள்ளைப் பாக்கவேண்டிய நேரம். நான் அவர் முகத்தைப் பாத்தேன். நான் பாத்ததை அவரும் பாத்துட்டார்."

"என்ன சொன்னான்?"

"எப்பவும் என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவார். அன்னைக்கு, 'எனக்கு அவசரம் இல்லை, கேப்டன்' அப்படின்னார். அவ்வளவுதான். எறங்காதேன்னு சொல்லல. திரும்புன்னு சொல்லல. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாறாங்கல்லை எடுத்த மாதிரி இருந்துச்சு. யாங்கோனுக்கே திரும்பிட்டேன்."

மூன்றாவது முறை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். நான் வியாபாரி, எதையும் அப்படிக் கேட்டுத்தான் பழக்கம்.

"நல்லா எறங்கியிருக்கலாம். எறங்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்காமலே எம் பிள்ளைங்க கூட உக்காந்து சாப்பிடறேன்."

டீக்கடையில் நீ இதை என்னிடம் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் சொன்னாய். சொல்லியிருந்தால் நான் ஊர் முழுக்கப் பரப்பியிருப்பேன், என் நண்பன் ஒரு விமானத்தையே காப்பாற்றினான் என்று. நாயிங்குக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த ஊரில் இப்போது பயத்துக்குக் குறைவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கத் தயக்கம். இருட்டுவதற்கு முன்பே கடைகளைச் சாத்துகிறோம். சாத்திய பிறகு கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறோம். வியாபாரம் மட்டும் நிற்பதில்லை. போன வாரம் ஆற்றுக்கு அக்கரைக்கு உளுந்து எடுக்கப் போனேன். என்னுடைய மரப்படகுதான், ஓட்டுவது கோ டின், சமைப்பதும் கயிறு பிடிப்பதும் அவன் மனைவி மா ஞோ. இரண்டு பேருக்கும் நான் ஸயா, அதாவது முதலாளி; அந்தப் படகுதான் அவர்களுக்கு வீடு. சாமான், பாய், புத்தர் படம், எல்லாம் அதற்குள்.

மூட்டைகளை ஏற்றி முடிக்கும்போது மேற்கே வானம் கரிச்சட்டி மாதிரி கறுத்துவிட்டது. காற்று நின்றுபோயிருந்தது. அது நின்றால் என்ன வரும் என்று இந்த ஆற்றங்கரையில் ஆளானவனுக்குத் தெரியும். இக்கரையில் எனக்காக லாரி காத்திருந்தது. உளுந்து நனைந்தால் முளைவிடும், முளைவிட்டதை எவனும் தொடமாட்டான். அதனால் நான் எப்போதும் போலப் படகின் நடுவில் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எதிர்க்கரையைப் பார்த்தேன். நான் பேசாமல் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

கோ டின் இஞ்சின் பிடியில் கையை வைத்தான். மா ஞோ வானத்தைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அவன் வானத்தைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

சாத்திய கதவும், அதற்குப் பின்னால் திரும்பிய ஒரு தலையும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தன. விமானத்தில் எனக்கு வந்த பயம் என் உயிருக்கானது. இது அது இல்லை. நான் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதாலேயே இந்த இரண்டு பேரும் ஆற்றுக்குள் போகப் போகிறார்கள். நான் போ என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும். இதற்கு முன் எத்தனை தடவை இப்படி உட்கார்ந்திருக்கிறேன்?

"எனக்கு அவசரம் இல்லை, கோ டின்" என்றேன்.

மா ஞோதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஸயாவுக்கு உடம்பு சரியில்லையா? காய்ச்சலா?"

"ஏன்?"

"இந்த வார்த்தையை இந்தப் படகு கேட்டதே இல்லையே!"

கோ டின் பிடியிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டான். அந்தக் கை எவ்வளவு வியர்த்திருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். மூன்று பேருமாகத் தார்ப்பாயை இழுத்து மூட்டைகளை மூடிக் கட்டினோம். கட்டி முடிப்பதற்குள் அடித்தது. எதிர்க்கரை மறைந்தது, ஆறு மறைந்தது, படகின் முனைகூட மறைந்தது. கட்டிய கயிற்றிலேயே படகு அந்த ஆட்டம் ஆடியது. தார்ப்பாய்க்கு அடியில் மா ஞோ கொடுத்த தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினேன். கோ டினும் நடுங்கினான். ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

நடு ஆற்றில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியாது. நல்லபடியாகக் கடந்தும் இருக்கலாம். நாயிங் மாதிரி நானும் அதைத் தெரிந்துகொள்ளாமலே சாப்பிடுகிறேன். சில மூட்டை நனைந்தது. லாரிக்காரன் போனில் என் பரம்பரையையே இழுத்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. என் கடையில், என் கிட்டங்கியில், என் வீட்டில் யார் யார் வேலையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன். நிறையப் பேர் பார்க்கிறார்கள். கவனிக்காமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் முழுப் பயமும் என்று நீ சொன்னது வெறும் விமானத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

பொட்டலத்தைக் கட்டிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அதைத் திரும்ப மூட்டையில் கொட்ட மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினேன். இன்றைக்கும் அக்கரைக்குப் போகவேண்டும். கோ டின் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். படகு என்னுடையது, பலகை போட்டுத்தான் இருந்தது. நான் பலகையில் காலை வைக்காமல் கரையிலேயே நின்றேன்.

"கோ டின், இன்னைக்கு உன்கூட வரலாமா?"

அவன் துணியைக் கீழே போட்டான். "இது என்ன கேள்வி, ஸயா? உங்க படகு."

"படகு என்னோடது. நீ சொல்லணும்."

மா ஞோ அடுப்பைவிட்டு எழுந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காய்ச்சல் இன்னும் விடல" என்றாள் புருஷனிடம். நான் பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

பயத்தோடுதான் நின்றுகொண்டிருந்தேன். இன்று முடியாது என்று அவன் சொல்லிவிடுவானோ என்றும் பயம், சொல்ல வேண்டியிருந்தும் சொல்லாமல் போய்விடுவானோ என்றும் பயம். கோ டின் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன், வேண்டுமென்றே மெதுவாக. நிமிர்ந்தபோது அவன் எனக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "ஏறுங்க" என்றான்.